எர்த் குழிக்கு மேல் சிமென்ட் போட்ட கதை

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அறுபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தால் அப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வாசல் வரை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு (மழை பெய்தால் பள்ளத்தைச் சுற்ற வேண்டும், இருபத்தாறு கூடும்). எண்ணிக்கை சரியாக இருந்தால் முடிவும் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு எப்படியோ எனக்குள் ஊறிவிட்டது. அந்த நினைப்பால் என் மனைவி தனத்துக்கு நான் செய்த கெடுதலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரம்பலூரில் நாங்கள் வீடு கட்டியபோது, பின்புறம் எர்த் குழி ஒன்று தோண்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இரும்புக் குழாயை நட்டு, அடுப்புக்கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, அதிலிருந்து தடித்த கம்பி ஒன்றைச் சுவரோரமாக முன்புற மீட்டர் பெட்டி வரை கொண்டுபோனார்கள். வேலை முடிந்ததும் வயர்மேன் என்னை விட்டுவிட்டுத் தனத்திடம் சொன்னார்: “தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்கம்மா. மண்ணு காஞ்சிடக் கூடாது.” அவரிடம் ஏன் என்று அவள் கேட்கவில்லை. பதினோரு வருடம், ஊருக்குப் போன நாள் நீங்கலாக, காலையில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்த கையோடு பின்பக்கம் போய் ஒரு குடம் ஊற்றிவிட்டு வருவாள்.

எர்த் என்றால் என்ன என்று தெரியாதவனல்ல நான். அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போன ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எர்த் குறி போட்டிருக்கிறேன். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று கோடுகள். ‘எத்தனை கோடு?’ என்று கேட்டு மார்க்கும் போட்டிருக்கிறேன். அந்தக் கோடு எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அந்தக் குழியைப் பார்க்க ஆரம்பித்தேன். எப்போதும் ஈரம். ஈரத்தைச் சுற்றிக் கொசு. ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்று வரை எண்ணியபோது கடித்துவிட்டது. அன்றே முடிவு செய்தேன், கொல்லைத் தரை முழுவதையும் சிமென்ட் போட்டு மூடிவிடுவது என்று.

“அந்தக் குழிய மட்டும் விட்டுடுங்க. அதுக்குத் தண்ணி ஊத்தணும்னு வயர்மேன் சொல்லியிருக்காரு” என்றாள் தனம்.

“தண்ணி ஊத்துனா என்ன மொளைக்கும் அதுல? வேண்டுதலா?”

“மொளைக்காது. காயக் கூடாதுன்னாரு.”

“காஞ்சா?”

அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் கேள்வி கேட்டது நான் என்பதால் நான் ஜெயித்ததாக எண்ணிக்கொண்டேன்.

வேலைக்கு வந்த கொத்தனார் சுவரோரம் இருந்த கம்பியைக் காட்டி, “இது என்னாங்கய்யா, தரைக்குள்ள போவுது?” என்று கேட்டார். பழைய கம்பி, அவிழ்த்துவிடுங்கள் என்றேன். அளந்து பார்த்தேன், இருபத்திரண்டு அடி. இரண்டு தூணுக்கு நடுவே துணி காயப்போடக் கொடி கட்டச் சரியாக அதே நீளம்தான் வேண்டியிருந்தது. (கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தால் யாருக்குத்தான் மயக்கம் வராது?) கொடி கட்டி, முதல் துணியாக என் பனியனையே காயப்போட்டேன்.

ஐந்தாறு வாரம் கழித்துத் தனம், “என்னங்க, ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது. கரண்ட் அடிக்குது” என்றாள்.

உடனே போய்த் தொட்டேன். கதவு, கைப்பிடி, பக்கவாட்டு, மேலே, மறுபடியும் கதவு. மொத்தம் ஐந்து தடவை. ஒன்றும் இல்லை.

“எனக்கு அடிக்கலியே.”

“எனக்கு அடிக்குதே.”

“கரண்டுக்கு என்ன ஆள் பார்த்தா அடிக்கத் தெரியும்?” என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமான கேள்வி என்று அன்று முழுக்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குதிகால் வெடிப்புக்காக நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டு நடப்பவன். தனம் அடுப்படிக்குள் செருப்புக் காலோடு நுழைந்ததே இல்லை.

அது கரண்ட் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது. அப்படியானால் அது அவள் உடம்பில் இருக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது விசாரித்து எழுத ஆரம்பித்தேன். “இன்னிக்கு எத்தன தடவ?” திங்கள் இரண்டு. செவ்வாய் ஒன்று. வெள்ளி ஆறு. பதினெட்டு நாள் எழுதியதும் பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது. தரை துடைக்கிற நாட்களில் எண்ணிக்கை எகிறியது. நாள் முழுக்க மின்தடை இருந்த நாளில் பூஜ்யம். நான் நோட்டில் எழுதிய முடிவு இது: ‘வீட்டு வேலை அதிகமானால் வருகிறது. ஓய்வாக இருந்தால் வருவதில்லை. நரம்புத் தளர்ச்சி.’

அந்த நோட்டோடு அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவளைப் பார்த்து, “என்னம்மா பண்ணுது?” என்று கேட்டார். பதில் நான் சொன்னேன். “வீட்ல கரண்ட் செக் பண்ணீங்களா?” என்றார். “நானே அஞ்சு தடவை செக் பண்ணிட்டேன் சார்” என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபத்தோரு மாத்திரை. தனம் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலுமாக நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மாத்திரை போடுவதற்காகவே தினம் ஒரு தடவை அவளுக்குக் கூடுதலாக ஷாக் அடித்திருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஒரே மகள் கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவோம். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்றாலும், தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவது தாய்வீட்டில். முதல் மூன்று மாதம் குளிப்பாட்டுவதும் மருந்து அரைத்துக் கொடுப்பதும் தாயின் உரிமை. தனம் தன் பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து வைத்திருந்தாள். முப்பத்தாறு துணி. கீழ் அறையில் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, தூளி மாட்டும் கொக்கிக்கு என்னை மூன்று தடவை ஏணி ஏற வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியிடம் போனில் பேசும்போது, மனசு ஆறாமல், “தனத்துக்கு நரம்புல கொஞ்சம் கோளாறு” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி கலியமூர்த்தியும் சம்பந்தியம்மாவும் மீன்சுருட்டியிலிருந்து பஸ் மாறி வந்துவிட்டார்கள். கையில் ஒரு சீப்பு பழம், ஆர்லிக்ஸ். நோயாளியைப் பார்க்கிற முகம். தனம் அவர்களுக்காகக் காலையிலிருந்து வீட்டைத் துடைத்து வைத்திருந்தாள்.

“கைப்புள்ளய குளிப்பாட்டயில கை வெடுக்குன்னா என்னா பண்றது சம்பந்தியம்மா? அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு” என்றார் சம்பந்தியம்மா, ரொம்ப மரியாதையாக. தனம் என்னைப் பார்த்தாள். ‘இவர்களிடமுமா சொல்லிவிட்டீர்கள்?’ என்ற பார்வை. அடுப்படிக்குப் போனாள். உதவிக்குச் சம்பந்தியம்மாவும் பின்னாலேயே போனார்.

நான் கலியமூர்த்தியிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் கரும்பும் நெல்லும் போடுகிறவர். பம்புசெட்டோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“தொடச்ச நாளு ஆறு. தொடைக்காத நாளு ஒண்ணு. கரண்ட் இல்லாத அன்னிக்கு முட்டை.” நிமிர்ந்தார். “சம்பந்தி, இத எழுதுனது நீங்கதானா?”

“ஆமா” என்றேன், பெருமையாக.

“எழுதுனத நீங்க படிச்சீங்களா?”

நான் பதில் சொல்லுவதற்குள் அடுப்படியில், “ஆத்தாடி!” என்று ஒரு அலறல். ஓடினோம். தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த சம்பந்தியம்மா சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். தயிர்ச் சட்டி தரையில் மூன்று துண்டு. தனம் அவர் கையைத் தேய்த்துவிட்டபடி, “இப்படித்தாங்க எனக்கும்” என்றாள்.

அப்போதும் நான் விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜின் மேல் உள்ளங்கையைப் பதித்து, “பாருங்க, ஒண்ணுமில்ல” என்றேன்.

“செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க” என்றார் கலியமூர்த்தி.

கழற்றினேன். தொட்டேன்.

அடுத்து என்ன நடந்தது என்பதற்கு மூன்று சாட்சிகள். முழங்கை வரை ஏதோ ஒன்று கடித்துப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அம்மா என்று கத்தியதாகச் சொல்கிறார்கள். நான் போய் உட்கார்ந்த இடம் தயிர். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், வேட்டி முழுக்கத் தயிரோடு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

தனம் அலமாரியைத் திறந்தாள். “மாத்திரை இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு. போட்டுக்கிறீங்களா?”

கலியமூர்த்தி மெயினை அணைத்தார். லெப்பைக்குடிக்காட்டு காதர் பாய்க்குப் போன் போட்டோம். பாய் பன்னிரண்டு வருடம் குவைத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் முதலில் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை; நேரே கொல்லைக்குப் போனார்.

“எர்த் குழி எங்க சார்?”

“இங்கதான். சிமென்ட்டுக்கு அடியில.”

“கம்பி?”

தனம் கையை நீட்டிக் காட்டினாள். கொடியில் பதினோரு துணி காய்ந்துகொண்டிருந்தது.

“யா அல்லாஹ்” என்றார் பாய். என் பனியனை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தபடி சொன்னார்: “மிஷின்னு இருந்தா உள்ள கொஞ்சம் கசியத்தான் சார் செய்யும். கசியிற கரண்டு மண்ணுக்குப் போயாகணும். நீங்க கம்பியில வழி வுட்டா கம்பியோட போயிரும்; யாருக்கும் தெரியாது. பெரிசா கசிஞ்சா ஃபியூஸ் போயிரும். கம்பிய அவுத்துட்டா, வெறுங்காலோட யாரு வந்து தொடுறாங்களோ அவங்கதான் வழி. நீங்க கம்பியக் கழட்டிட்டு அம்மாவ மாட்டி வுட்டுட்டீங்க.”

“தண்ணி ஊத்துறது?” என்று கேட்டாள் தனம்.

“நம்ம மண்ணு காஞ்சா கல்லும்மா. ஈரம் இருந்தாத்தான் கரண்ட வாங்கும். நீங்க ஊத்துன தண்ணிதான் இத்தன வருஷமா இந்த வூட்டக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. ஆயுசு கெட்டி ஒங்களுக்கு.”

பதினோரு வருடத்துக் குடங்களை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம். அந்த எண்ணை நான் அவளிடம் சொல்லவில்லை.

தனத்துக்கு நோய் இல்லை என்று ஆகிவிட்டது. இனிக் கவிதாவை அனுப்பத் தடையில்லை என்று நினைத்தேன். இரண்டே நாளில் புதுக் குழி தோண்டிவிடலாம் என்றும் சொன்னேன். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சம்பந்தியம்மா தங்கமா இருக்காங்க. அவங்க மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா ரெண்டு மாசமா பொண்டாட்டி கரண்ட் அடிக்குதுன்னு சொல்லியும் நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டு இருந்தீங்களே சம்பந்தி, அந்த வூட்டுல புள்ளத்தாச்சியையும் பச்சப் புள்ளயையும் எப்புடி வுடுறது? கோவிச்சுக்காதீங்க. எங்க வூட்டுலயே பாத்துக்கறோம்.”

தனம் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீழ் அறைக்குப் போய், முப்பத்தாறு துணியையும் ஒரு கட்டைப்பையில் அடுக்கி எடுத்து வந்து, சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்தாள். “நல்லா வெயில்ல காய வெச்சது” என்றாள். அவ்வளவுதான்.

புதுக் குழி மூன்றாம் நாளே தயாராகிவிட்டது. குடத்தைத் தூக்குவது அன்றிலிருந்து என் வேலை. ஆனால் கவிதா வரவில்லை. குழந்தை பிறந்து முதல் மூன்று மாதமும் தனம் வாரத்துக்கு இரண்டு தடவை மீன்சுருட்டிக்குப் போய் வந்தாள். தன் மகளுக்கு ஒரு சொம்பு வெந்நீர் வைக்க, இன்னொருத்தியின் அடுப்படி வாசலில் நின்று, “வெச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டாள். ஒரு தடவை நானும் உடன் போனேன். அப்புறம் போகவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

பேத்திக்கு இப்போது நாலரை வயது. அம்மாவைப் பெற்றவள் அம்மாயி, அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா என்பது எங்கள் ஊர் முறை. இவள் மட்டும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து மாற்றித்தான் கூப்பிடுகிறாள். சம்பந்தியம்மா அம்மாயி, தனம் அப்பத்தா. எத்தனையோ பேர் திருத்திப் பார்த்தாகிவிட்டது. போன மாதம் ஒரு காதுகுத்தில் கூட்டத்துக்கு நடுவே கலியமூர்த்தி அவளை மடியில் வைத்துக்கொண்டு, தனத்தைக் காட்டி, “அடியே, இவங்கதான் ஒங்க அம்மாயி. அவ அப்பத்தா” என்றார்.

பேத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “அம்மாயி வூட்டுலதானே தாத்தா பாப்பா பொறக்கும்? நான் எங்க பொறந்தேன்?”

பந்தலே சிரித்தது. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது அவளை அழைத்து அதைச் சொல்லச் சொல்லுகிறார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

தனம் சிரித்துக்கொண்டே, “கணக்கு அவ தாத்தா மாதிரி இல்ல, சரியாத்தான் போடுறா” என்பாள். பிறகு பேத்தி, “அப்பத்தா, தண்ணி” என்று கேட்பாள். ‘இதோ வரேன்டி கண்ணு’ என்று அந்தப் பெயருக்கே எழுந்து போவாள்.