கேன்டீன் திரை காத்த படலம்

செம்பாக்கத்துச் செல்வியும், நாவலூர்க் கண்ணாடி மாளிகையின் மூன்றாம் மாடியில் ஆறு மாதமாகத் தகுதிகாண் தவம் இயற்றுபவளும், வலைப்பக்கம் வனைவதில் தனக்கு நிகர் தானே என்று தானே சொல்லிக்கொண்டவளுமாகிய மெஹ்னாஸின் கீர்த்தியைப் பாடப் புகுகிறோம். அவையோரே, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மறைமலை நகரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றின் கேன்டீனில், அகன்று விரிந்த டி.வி. ஒன்று தொங்கியது. அன்றைய உணவுப் பட்டியலும், உண்போர் தம் போனில் எழுதும் கருத்தும் சர்வரைச் சேர்ந்து, மெஹ்னாஸ் வனைந்த பக்கத்தின் வழியே அத்திரையில் எழுந்தருளும். அன்று பன்னிரண்டரைக்கு ஆலைத் தலைவி ஜோசலின் மேடம் வந்து பார்த்து நன்றென்றால் மெஹ்னாஸின் வேலை நிரந்தரம். இல்லையேல் தவம் இன்னும் ஆறு திங்கள்.

போன வாரம்தான் அவள் பதினான்கு ஸ்லைடு போட்டு, 'சர்வரிலிருந்து வருவதை அப்படியே பக்கத்தில் கொட்டாதீர், அதை எழுத்தாக மட்டும் காட்டுவீர்' என்று புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் உபதேசித்திருந்தாள். அந்த வாய்தான், கேன்டீன் மேலாளர் பொன்னுரங்கம், "ஸ்பெஷல் ஐட்டம் பேரு செவப்பா, தடியா தெரியணும்மா, நானே டைப் பண்ணிக்கிறேன்" என்றதும், "சரி சார்" என்றது. எழுத்தைச் சிவப்பாக்கவும் தடியாக்கவும் அதன் இருபுறமும் இடும் நாலு குறிச்சொல்லையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, வருவது வந்தபடியே நுழைய வாயிலைத் திறந்துவைத்தாள். வத்தக்குழம்பு செக்கச்செவேலென்று நுழைந்தது. தொழிலாளர் கருத்தும் அதே வாயில் வழியாகத்தான் வரும் என்பது அந்த மகாமேதைக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு இருபது. லேத் பிரிவு வீரனும், ஐ.டி.ஐ.யில் ஒரு பருவம் கணினி பயின்றவனுமாகிய வெற்றிவேல், இடக்கையால் போனைத் தட்டி, எழுத்தைப் பெரிதாக்கி ஓடவிடும் குறிச்சொல்லை முன்னும் பின்னும் பூட்டி ஒரு கருத்தை ஏவினான். மறுகணம், ஆள் உயர எழுத்துகள் திரையின் வலக்கோடியில் கிளம்பி, வத்தக்குழம்பை மிதித்து, பொரியலைத் துவைத்து, இடக்கோடிவரை ஓடி ஓடித் திரும்பின: சாம்பார்ல உப்பு இல்ல.

இருநூறு பேர் சோற்றில் கைவைத்தபடி சிரித்தனர். வெற்றிவேல் மட்டும் பச்சைப்பிள்ளைபோல் மோர் குடித்தான்.

"இன்னாம்மா இது, என் மானம் ஓடிக்கினு கீது" என்றார் பொன்னுரங்கம்.

மெஹ்னாஸ் பைக்குள்ளிருந்து லேப்டாப்பை உருவினாள். இன்று எழுத்தை ஓட்டியவன் நாளை திரையையே கைப்பற்றும் நிரலை ஏவ எத்தனை நேரமாகும்? 'எவர் எழுதினும், எதை எழுதினும், இனி இப்பக்கத்தில் எழுத்து எழுத்தாகவே நிற்கும், ஆடாது, ஓடாது, ஏவல் செய்யாது' என்று மனத்துள் முழங்கினாள், வாயில் வந்ததோ, "ரெண்டு நிமிஷம் சார்." ரசம் சிந்திய மேசையில் லேப்டாப்பை விரித்து, திறந்த வாயிலைப் பெயர்த்தெறிந்து, எதையும் வெறும் எழுத்தாக்கிக் காட்டும் இரட்டை வளைவு அடைப்புகளை அவ்விடத்தே நிறுத்தி, சிவப்பையும் தடிமனையும் சர்வரிடம் கேளாமல் தன் பக்கத்திலேயே எழுதி, பொன்னுரங்கம் இட்ட குறிச்சொற்களை அவரைக்கொண்டே அழிக்கவைத்து, அவள் என்டரை அழுத்தவும் ஜோசலின் மேடம் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

ஓட்டம் நின்றது. வெற்றிவேலின் கருத்து, குறிச்சொற்கள் இருபுறமும் பல்லிளிக்க, சின்ன எழுத்தில் அடங்கி ஒடுங்கி நின்றது. வத்தக்குழம்பின் சிவப்பு மாறவில்லை.

"ஸ்க்ரீன் நல்லாருக்கு. உங்க டீம் லீடுக்கு இன்னிக்கே மெயில் போட்டுர்றேன்" என்றார் மேடம். பிறகு அந்தச் சின்ன எழுத்தை இருமுறை படித்தார். "பொன்னுரங்கம் சார், எங்க ரெண்டு பேருக்கும் சாம்பார் ஊத்துங்க."

பகை வென்ற பாவை, நிரந்தரப் பணி வாய்த்த நங்கை, இருநூறு தட்டும் ஓசையடங்கிப் பார்த்திருக்க, பொன்னுரங்கம் கரண்டியும் கையுமாய் மூச்சடக்கி நிற்க, தன் வெற்றித் திருவமுதைப் பிசைந்து முதற்கவளம் எடுத்து வாயிலிட்டாள்.

சாம்பாரில் உப்பு இல்லை.