பதின்மூன்று கடைகளின் கண்

ஒப்புக்கொண்டு விடுகிறேன். பதின்மூன்று கடைகளின் கண்திருஷ்டியை ஒரே சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி வீட்டுக்கு எடுத்துவந்து, ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் கட்டிலுக்கு நேர் மேலே வைத்தவன் நான்தான். தெரியாமல் செய்ததாகவும் சொல்லிக்கொள்ள முடியாது. மெனக்கெட்டு, கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு செய்தேன்.

எட்டு வருடங்களுக்கு முன் எனக்கு மாடித்தோட்டப் பித்து முற்றியிருந்தது. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள், மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சங்கச் செயலாளர் சபாபதி சார் (ஓய்வுபெற்ற பொறியாளர், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை) ஒரே ஒரு புகார் வந்தாலும் மாடிக்குப் பூட்டு என்று சொல்லித்தான் எனக்கு அனுமதி தந்திருந்தார். முப்பது பைகளில் காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், அவரை. சென்னைக்குக் குளிர் என்று வருவதே மார்கழி ஒரு மாதம்தான் (அதற்கே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லாயில் நடமாடும்). அதைத் தவறவிட்டால் காலிஃபிளவர் பூ வைக்காது. ஆகவே விடிந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். இலைகளைத் திருப்பி அசுவினிப் பூச்சியைத் துடைப்பது, முள்ளங்கிக்கு மண் அணைப்பது, மூலையில் இருந்த நீல டிரம்மில் உரக்குப்பையைக் கிளறிவிடுவது என்று ஒரு மணி நேரம் போகும். டிரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெறும் சருகாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு ஈரமான சரக்கு வேண்டியிருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் காலை பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு கடை வாசலிலும் முந்தின மாலை திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய், உள்ளே கொட்டிய குங்குமம் ஊறிச் சிவப்பாகக் கிடந்தது. போகிறவர்கள் எல்லாரும் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். என் கண்ணுக்கு மட்டும் அது நீர்ச்சத்தாகத் தெரிந்தது.

நான் சாக்கில் அள்ளுவதைப் பெருக்குகிற அம்மா பார்த்தார். துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "அத்த தொடாத சார். கால்ல பட்டாலே ஆவாதுன்னு நாங்களே தொடப்பத்தால தள்றோம். நீ இன்னாடான்னா ஊட்டுக்கு எத்துகினு போற" என்றார்.

அவருக்கு இயற்கை உரம் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊட்ல பெரியவங்க யாரும் இல்லியா?" என்றார்.

வீட்டில் இருந்தது என் மனைவி கவிதாதான். சாக்கைத் திறந்து பார்த்தவள் இரண்டடி பின்னால் போனாள். "எங்கேர்ந்து வந்ததுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா மைதிலி மாமிகிட்ட" என்றாள்.

மைதிலி மாமி மூன்றாவது மாடி, அதாவது மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீடு. அவர் மகள் ரம்யா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்து, ஏழு வருடம் கழித்துத் தங்கியது. மாமி அந்தப் பெண்ணைத் தும்மக்கூட விடுவதில்லை. அவள் அறைக்கு மேலே நின்ற டிரம்மில்தான் சாக்கைக் கொட்டி மூடினேன்.

நான்காம் நாள் விடியலில் காவலாளி முனுசாமி கதவைத் தட்டினார். "சார், டேங்கு பாக்க மேல போனேன். உன் டிரம்மு மூச்சு வுட்டுகினு கீது சார்."

போய்ப் பார்த்தேன். பனி மூட்டத்தில் எதிர் வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. தெருவில் எங்கோ பஜனை போய்க்கொண்டிருந்தது. டிரம்மின் துளைகளிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. உரம் நன்றாகச் செரித்தால் சூடேறும், குளிர்காற்றில் ஆவி தெரியும் என்று முனுசாமிக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். அப்போதுதான் கவனித்தேன். மூடி பறக்காமலிருக்க நான் மேலே வைத்த செங்கல் மூடியில் இல்லை. நாலடி தள்ளிக் கைப்பிடிச் சுவரில், ஒழுங்காக, நேராக வைக்கப்பட்டிருந்தது.

முனுசாமி எடுக்கவில்லை என்றார். கவிதா அந்தப் பக்கமே வருவதில்லை. செங்கலைத் திரும்ப வைத்தேன். மறுநாளும் அது சுவரில் இருந்தது. (எனக்குப் பயமில்லை. முள்ளங்கிக்கு மண் அணைப்பதை மட்டும் வெயில் வந்த பிறகு வைத்துக்கொண்டேன்.)

ஆறாம் நாள் மாமி படியில் என்னை மறித்தார். குரலைத் தாழ்த்தி, "பாஸ்கர், ரம்யா ரூமுக்கு மேல ஏதோ பெரண்டுண்டே இருக்கு. சரசரன்னு சத்தம். ரம்யா தூங்கவே மாட்டேங்கறா. நான் பிரமைன்னு நெனச்சிண்டு இருந்தேன். இன்னிக்குப் பால்கனில வந்து பாரு" என்றார்.

பால்கனிச் சுவரில், மழைநீர்க் குழாயை ஒட்டி, சிவப்பாக ஒரு கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ரம்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று அதைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "இந்தத் தடவையும் ஏதாவது ஆயிடுமாம்மா?" என்று கேட்டாள்.

அது பூசணிச்சாறும் குங்குமமும் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தோட்டம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை சபாபதி சார், மாமி, முனுசாமி மூவரும் மாடிக்கு வந்தார்கள். செங்கல் வழக்கம்போல் சுவரில் இருந்தது. "திறங்க" என்றார் சபாபதி சார். திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அது விலகியதும் உள்ளே எல்லாம் அசைந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் சருகுக்குள் சரசரவென்று நெளிந்தன. நடுவில் ஒரு பூசணித் துண்டு. பதின்மூன்றில் ஒரு கடைக்காரர் காயில் முகம் வரைந்திருக்கிறார். நான் அள்ளும்போது பார்க்கவில்லை. மீசையில் பாதியும் ஒற்றைக் கண்ணும் மிச்சமிருந்தன. கீழே புழுக்கள் நெளிய நெளிய, அந்தக் கண் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தது.

நான் வரிசையாகச் சொன்னேன்: ஆவி சூட்டால், சத்தம் புழுக்களால், சிவப்பு குங்குமத்தால்.

"குங்குமம் எப்படி வந்தது?" என்றார் மாமி.

"கடைகள்ல உடைச்சது மாமி. பதின்மூணு கடை."

சபாபதி சார் டிரம்மிலிருந்து நகர்ந்து முனுசாமிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ரம்யாவின் குரல் கேட்டது. "அம்மா. பனிக்குடம் ஒடஞ்சிடுத்து."

டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

காரை நான்தான் ஓட்டினேன். மருத்துவமனையில் அவர்கள் கண்ணில் படாமல் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கண்திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தவன், அங்கே உட்கார்ந்து பதின்மூன்று கடைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டேன். டீ இறங்கவில்லை. எந்தக் கதவு திறந்தாலும் எழுந்து நின்றேன். குழந்தைக்கு ஏதாவது ஆனால் எந்த முகத்தோடு அந்தக் கட்டடத்தில் இருப்பேன் என்பது ஒன்றே மனதில் ஓடியது.

மாலையில் மாமி படியில் வந்து நின்றார். "பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முயலவில்லை.

டிரம்மை இன்றே அப்புறப்படுத்திவிடுகிறேன் என்று மருத்துவமனைக்கு வந்திருந்த சபாபதி சாரிடம் சொன்னபோது மாமி குறுக்கிட்டார். "வேண்டாம். ஊர்க் கண்ணையெல்லாம் அது முழுங்கிடுத்து. அதான் என் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. டிரம் அங்கேயே இருக்கட்டும்." சபாபதி சார் தலையாட்டினார். அன்றைக்கு அவர் நெற்றியில் புதிதாகத் திருநீறு இருந்தது.

அந்தக் குழந்தை தாராவுக்கு இப்போது எட்டு வயது. என்னைத் திருஷ்டி மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பார்த்துக் கட்டடமே அப்படிக் கூப்பிடுகிறது (கவிதாவும்). அமாவாசைக்கு மறுநாள் எட்டு வீட்டாரும் உடைத்த பூசணியை முறத்தில் அள்ளி, "திருஷ்டி மாமா, இந்தாங்க" என்று என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சபாபதி சாருடையதுதான் முதலில் வரும்.

எல்லா விசேஷத்திலும் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லித் தாரா கேட்பாள். முடிந்ததும், "செங்கலை யார் மாமா எடுத்தா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் இரண்டு செங்கல் வைக்கிறேன். மார்கழிக் காலையில் போய்ப் பார்த்தால், இரண்டும் கைப்பிடிச் சுவரில் இருக்கின்றன.