அத்தை சொன்ன பக்குவம்

வாணலியில் மாட்டுக்கறி வதங்கவில்லை, நீச்சலடித்துக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தான். அரைக் கிலோ கறியை மெல்லிசாக நறுக்கி, மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டியிருந்தான். அது விட்ட தண்ணீரில் அதுவே மிதந்தது. மணி ஆறு. ஏழு மணிக்கு மனைவி வருகிறாள்.

சும்மா வரவில்லை. நாலு நாளாக அக்கா வீட்டில் இருக்கிறாள். இதே மாட்டுக்கறி குடைமிளகாய் வறுவலை அவள் செய்து போட்டபோது, "உங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வரவே இல்ல" என்று இவன் திருவாய் மலர்ந்ததன் பலன்.

"நீங்களே ஒரு வேளை செஞ்சு வைங்க. வாயில வைக்க முடிஞ்சா பையை உள்ள வைக்கிறேன். இல்லன்னா அக்கா வீடுதான்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் இல்லாத நாலு நாளே அவனுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

மாமியார் வீட்டில் இந்த வறுவலை எத்தனையோ முறை ஒரு பிடி பிடித்திருக்கிறான். அவன் புகழப் புகழ, மாமியார் இன்னும் ரெண்டு கரண்டி வைப்பார். லிஃப்ட் வேலையில் அவன் கற்றதும் ஒன்றே ஒன்று: தெரிந்தவரைக் கேள், சொன்னதை அப்படியே செய். மாமியாருக்குப் போன் போட்டான்.

"அத்தை, கறி தண்ணி விட்டுடுச்சு."

"விடத்தானே செய்யும்? தட்டைப் போட்டு மூடுங்க மாப்பிள்ளை."

மூடினான். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் தண்ணீர் இரட்டிப்பாகிக் கறி வெளுத்துப் போயிருந்தது.

"அத்தை, இன்னும் ஜாஸ்தியாயிடுச்சே!"

"அப்ப தீயைக் குறைங்க."

குறைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு துண்டைக் கடித்தான். பல்தான் வலித்தது.

"ரப்பர் மாதிரி இழுக்குது அத்தை."

"குடைமிளகாய் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அதான் கோளாறு! இப்பவே போட்டு நல்லா வேக விடுங்க."

அந்தக் குரலில் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. குடைமிளகாய் குழைந்து கூழானது. கறி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"உப்பு எவ்வளவு அத்தை?"

"கண்ணளவுதான்."

"யார் கண்ணளவு?"

"ஐயோ, இதையெல்லாமா கேப்பாங்க? ஒரு கை அள்ளிப் போடுங்க!"

அவனுடையது ஸ்பானர் பிடிக்கிற கை. அள்ளிப் போட்டான். நக்கிப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தை, ஒரே கரிப்பு!"

"ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்துங்க."

"ஊத்திட்டேன். குளமா நிக்குது!"

"மைதாவைக் கரைச்சு ஊத்துங்க, கெட்டியாயிடும்."

அதில் மட்டும் அத்தை வாக்கு பலித்தது. நட்டு வைத்தாற்போல் கரண்டி தானாகவே நின்றது.

சரியாக ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மனைவியும், அவளைக் கொண்டுவிட வந்த மாமனாரும் நின்றார்கள். தோளில் மாட்டிய பையோடு அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"இப்படிச் செய்யச் சொல்லி யார் சொன்னது?"

"சத்தியமா என் தப்பு இல்ல. போன்ல உங்கம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். ஒரு வார்த்தை மாத்தல!"

அவள் துண்டைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் பை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வாணலிக்குள் பார்த்தார்.

"போயும் போயும் அவகிட்டயா கேட்டீங்க மாப்பிள்ளை? கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வீட்டுல சமைக்கிறது நான்தான்."