தூக்கிக் குடித்த கல்யாணப் பால்

கூச்சப்படுகிறவனுக்கு எந்த விஷயமும் பாதிதான் தெரிந்திருக்கும். மீதியை அவனே இட்டுக்கட்டிக்கொள்வான். நான் இட்டுக்கட்டிய மீதி, என் கல்யாண மணவறையில் எல்லோர் முன்னாலும் வழிந்தது.

அப்போது யுத்த காலம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. வாரத்தில் நாலு நாள் சைக்கிளில் துணிமூட்டையோடு மேலூர் போய்வர வேண்டும். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில், தல்லாகுளத்தில் சுகாதார இலாகாக்காரர்கள் திரை கட்டிப் படம் காட்டினார்கள். ஆண்களுக்கு மட்டும். (இலவசம் என்று போனேன். விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.)

விஷயம், மேகநோய். டாக்டர் கொஞ்சமும் கூசாமல் அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே போனார். மறைவிடத்தில் புண், சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ், உடம்பில் தடிப்பு. என்னால் உட்கார முடியவில்லை. ஒரு மாதமாக என் தொடையிடுக்கிலும் சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது. “இனி, இது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம்” என்று அவர் அடுத்த படத்தைப் போட்டபோது, பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்துவிட்டேன்.

எப்படிப் பரவுகிறது என்பதை வரும் வழியில் நானே முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்து கெட்டதெல்லாம் எச்சிலில்தான் ஒட்டும். ஆகவே, மேலூர் காப்பிக்கடை டம்ளர். (பெண்கள் எதிரே வந்தாலே எனக்கு வியர்த்துவிடும். வேறு எப்படி வரும்?)

அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு. “மாப்பிள்ளை ஆகப்போறாருல்ல, அம்புட்டுத் திமிரு” என்றாள் தங்கை. கல்யாணத்தை நிறுத்தலாம் என்றால் அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு நோயிலேயே போய்ச் சேரலாம். ஆனால் ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணுக்கு ஒட்டிவிட்டால்? எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பாலும் பழமும் வந்தது. மாப்பிள்ளை பாதி குடித்துவிட்டு, அதே டம்ளரைப் பெண்ணிடம் தர வேண்டும். நான் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். அவசரத்தில் பால் மூக்கில் ஏறியது. தும்மினேன். மிச்சம் முழுக்க மணப்பெண் மரகதத்தின் கூறைப்புடவையில்.

“என்ன மாப்ள, சாமிக்கு அபிஷேகமா?” என்றார் அவள் மாமா. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மதியம் பந்தி முடிந்து உள்ளறையில் தனியாக இருந்தபோது மரகதம் கேட்டாள்: “ஏன் தூக்கிக் குடிச்சீக?”

அழாத குறையாகச் சொன்னேன். அவள் பதறவில்லை.

“மறுநா பொம்பளைகளுக்கும் அந்தப் படம் காட்டுனாக. லேடி டாக்டர் பேசுனாக. நான் கடைசிவரைக்கும் இருந்தேன். அது அரிக்குதா?”

“தூங்க முடியலை.”

“அந்த நோய்ப் புண்ணு பெரும்பாலும் வலிக்காதாம், அரிக்காதாம். தானா ஆறிப்போயிருமாம், ஆனா நோய் உள்ளயே இருக்குமாம். டம்ளர்ல எல்லாம் ஒட்டாது. நோய் இருக்கவுககூடச் சேந்தாத்தான் ஒட்டும். தாய்கிட்ட இருந்து வயித்துப் பிள்ளைக்கும் போகும். நீங்க அப்படி யார்கூடயும்...”

“சத்தியமா இல்லை.”

“உங்க சத்தியம் எனக்குப் போதும். டாக்டருக்குப் போதாது. நாளைக்கே காமிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் அம்மா பக்கத்துல படுத்துக்கிறேன்.”

மறுநாள் டாக்டர் பார்த்தார். “படர்தாமரை. வேர்வையும் சைக்கிளும் பண்ணின வேலை” என்று ஒரு களிம்பு கொடுத்தார்.

காரணம் இன்றுவரை எங்கள் இருவருக்குத்தான் தெரியும். (இனி உங்களுக்கும்.) சொந்தக்காரர்கள் என்னை மகா ஆசாரக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் பால் டம்ளர் வந்ததும், யாராவது ஒருவர் மணப்பெண் தலைக்கு மேல் குடையை விரித்துவிடுவார்.

போன மாதம் என் மகள் கல்யாணத்திலும் விரித்தார்கள். சபையே என்னைப் பார்த்தது. நைசாக எழுந்தேன். மரகதம் என் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. இதையாச்சும் கடைசிவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க.”