படத்தில் இல்லாத குளம்

மனையைப் பார்த்துவிட்டு வீட்டை யோசிப்பவர்கள் ஒரு ரகம். வீட்டை முடிவு செய்துவிட்டு மனை தேடுபவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சுவாரசியமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாம் பேசப்போவது இரண்டாமவரைப் பற்றி. அவருக்குப் படக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படக்காரரை அடையாளம் காண்பது சுலபம். பல் டாக்டரின் வரவேற்பறையில் நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "ஒண்ணு காட்டறேன், பாருங்க" என்று போனை நீட்டுவார். அதில் ஒரு வீடு இருக்கும். அது எந்த நாட்டு வீடு, அங்கே வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், மழை எப்படிப் பெய்யும், அடுத்த மனையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? முன்னால் முழுக்கக் கண்ணாடி, மேலே தட்டையான கூரை, வாசலில் ஒரு நாய். "இதை அப்படியே கட்டறோம்" என்பார். நாயுமா என்று கேட்டால் முறைப்பார். ஆனால் நாயும் கணக்கில் உண்டு.

என் அண்ணன் படக்காரர்களில் முதல் வரிசைக்காரர். அவர் வாங்கிய மனை மேற்கே ரோட்டில் தொடங்கி, கிழக்கே குளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். காற்று குளத்துப் பக்கமிருந்துதான் வரும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். சட்டைக் காலரே சொல்லிவிடும்.

வீடு கட்டித்தர வந்த இன்ஜினியர் அம்மா மனையில் நின்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"சார், சரிவை வெட்ட வேணாம். வீட்டையே ரெண்டு தட்டா இறக்கிடலாம். ஹாலும் உங்க அப்பா ரூமும் குளத்துப் பக்கம். பாத்ரூமை ரோட்டுப் பக்கம் தள்ளிட்டா, சாயங்கால வெயிலை அது தாங்கிக்கும்."

"படத்துல அப்படி இல்லையே."

"படத்துல குளமும் இல்லையே, சார்?"

"அதாங்க நானும் சொல்றேன். இல்லாத குளத்துக்கு எதுக்கு ஜன்னல்?"

இதற்குப் பதில் சொல்ல எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தருவதில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும் வாடகை வீடுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். இப்போது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வெளியே போவதும் நின்றுவிட்டது.

"குளம் தெரியற மாதிரி எனக்கு ஒரு ஜன்னல் வைடா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"அங்க பாத்ரூம் வருதுப்பா. மாத்தினா எலிவேஷன் கெட்டுடும்."

வீட்டின் வெளித்தோற்றத்துக்குச் சொல்லும் எலிவேஷனை உடம்புக்கு வரும் ஏதோ கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை.

வீடு எழும்பியது. படத்தில் தரை சமமாக இருந்ததால் சரிவு வெட்டப்பட்டது. படத்தில் கூரை நீளாததால் ஜன்னலுக்கு மேல் வெயில்மறைப்பு இல்லை. படத்தில் திரைச்சீலை இல்லாவிட்டாலும், குடிபோன முதல் சாயங்காலமே கண்ணாடிச் சுவர் முழுவதற்கும் கனத்த திரைகள் வந்து தொங்கின. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, வந்தவர்களிடமெல்லாம் "எவ்வளவு வெளிச்சம், பாத்தீங்களா" என்றார் அண்ணன். மழைத்தண்ணீருக்கு யாரும் படத்தைக் காட்டவில்லை போலிருக்கிறது. அது பழைய வழியாகவே ரோட்டிலிருந்து இறங்கி வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் அப்பா பாத்ரூமுக்குப் போனால் திரும்புவதில்லை என்று அண்ணி கவலைப்பட்டார். டாக்டரிடம் போகலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. ஒருநாள் அண்ணன் கதவைத் தட்டினார்.

"அப்பா! உள்ள என்ன பண்றீங்க? விழுந்துட்டீங்களா?"

"விழலடா. நாரை வந்திருக்கு. சத்தம் போடாதே."

"என்னது?"

"தாழ்ப்பாள் போடல. வேணும்னா நீயும் வா."

உள்ளே உயரமான ஸ்டூலில் அப்பா. பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி வாளிக்குள் அடுக்கியிருந்தார். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் குளம் முழுசாக இருந்தது. குளிர்ந்த காற்று சோப்பு டப்பாவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அண்ணன் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது வேர்வையில் நனைந்திருந்த சட்டை காய்ந்திருந்தது.

"படத்துல இது இல்லையே" என்றார். அதே வாக்கியம்தான். ஆனால் அன்றுதான் முதல் தடவையாகப் படத்தின் மேல் கோபப்பட்டுச் சொன்னார்.

இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் போயிற்று. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து, பாத்ரூமை ரோட்டுப் பக்கம் தள்ளி, பின்சுவரைத் திறந்து, கட்டில் உயரத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துக்கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அப்பா அதோடு இருந்தார். நாரைகளுக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருந்தார். இப்போதும் அவை வருகின்றன. கட்டிலை நாங்கள் நகர்த்தவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த அண்ணனின் நண்பர் அந்தக் கட்டிலருகே கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு போனை எடுத்து ஜன்னலைப் படம் பிடித்தார்.

"பிரமாதம்! இதையே நம்ம வீட்டுல அப்படியே வைக்கிறோம்."

"உங்க வீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"லாரி ஷெட். ஏன் கேக்கறீங்க?"

அவரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, அந்த ஜன்னல் எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம் என்று இந்த ஆள் எழுதியிருக்கலாமே என உங்களுக்கு ஒரு நொடி தோன்றியிருந்தால், மன்னிக்கவும், அளவு கிடைக்காது. எழுந்துபோய் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். போனை உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள்.