சங்கு ஆணி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காம்பவுண்டு முற்றத்தில் இருந்தவர்கள்: சங்கு குளிக்கிற சேவியர். மில்லில் வேலை பார்க்கிற ஆறுமுகம். டாலி. நான். வெளியூர்க்காரர்கள் இருவர். நடுவில் ஒரு பெரிய மாலை. பிணம் மட்டும் இல்லை.

எல்லாம் டாலியால் வந்தது. அவரைப் போல் இன்னொருவரைத் தூத்துக்குடி தாங்காது.

டாலி என்பது பெயர் இல்லை, வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டை, இறங்குகிற மூட்டை எல்லாவற்றையும் எண்ணிக் கோடு போடுகிற டாலி கிளார்க். அதே துறைமுகத்தில் நான் மூட்டை தூக்குகிற விஞ்ச் ஓட்டினேன். வேலை முடிந்தாலும் அவருக்கு எண்ணுவது முடியாது. தன் இட்லியை எண்ணுவார். சரி. அடுத்தவன் இட்லியையும் எண்ணுவார்.

மில்லர்புரத்தில் எங்கள் காம்பவுண்டு. எட்டு ரூம். எல்லாரும் தனிக்கட்டை. ஒருவன் ஷிப்டு முடிந்து வரும்போது இன்னொருவன் கிளம்புவான். முகம் பார்த்துப் பேச நேரம் கிடையாது. அதனால் கிணற்றடிச் சுவரில் சீட்டு எழுதி ஒட்டுவோம். பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். எழுதாதவர் டாலி ஒருவர்தான். “நான் எண்ணுதவன். எழுதுதவன் இல்ல” என்பார்.

நாளாக நாளாகச் சுவர் நிறைந்தது. வேண்டியது கண்ணில் படவில்லை. ‘உனக்குத் தந்தி வந்திருக்கிறது’ என்ற சீட்டை ஆறுமுகம் இருபது நாள் கழித்துப் பார்த்தார்.

டாலி ஒரு பை நிறைய ஆணி வாங்கி வந்தார். விஷயத்துக்கு ஓர் ஆணி, ரூமுக்கு ஓர் ஆணி. ரூம் நம்பர் இருக்கிற சீட்டு ரூம் ஆணிக்கு. மற்றது விஷய ஆணிக்கு. ஒன்றையும் கிழித்துப் போடமாட்டார்.

நல்ல சீட்டு எது என்று தெரிய, ஒவ்வொரு சீட்டின் கீழும் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்தார். பிடித்திருந்தால் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். மறுநாளே சேவியர் சீட்டின் கீழே சிரட்டை வழிந்தது. டாலி உட்கார்ந்து எண்ணினார்.

“ஏலே சேவியர், எட்டு ரூம்லயும் சேத்து முந்நூத்திப் பன்னெண்டு பேரா இருக்கோம்?”

“விருந்தாளி வந்திருப்பாங்க அண்ணாச்சி.”

அன்று முதல் ரூமுக்கு ஒரு வகைக் கொட்டை. எனக்கு வேப்பங்கொட்டை.

சங்குதான் அவரைக் கவிழ்த்தது. சேவியர் கடலில் எடுப்பது சங்கு. மில்லில் ஷிப்டுக்கு ஊதுவதும் சங்கு. ஆள் செத்தால் ஊதுவதும் சங்கு. டாலி மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டினார். சேவியரிடம் சங்கு வாங்க வந்த ஒருவர் சாவுச் சீட்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, அவனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிப் போனார். அதன் பிறகு சங்குக்கு மூன்று ஆணி. கடல், மில், சாவு.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தாய் தகப்பன் இல்லை. பெண் கேட்டால் “யாரிடம் விசாரிப்பது?” என்பார்கள். இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனது. மூன்றாவது விளாத்திகுளம். இதுவும் போனால் விட்டுவிடுவது என்று இருந்தேன். எங்கள் காம்பவுண்டிலேயே இருந்த உப்பளத்துச் செல்லையா பார்த்துச் சொன்ன இடம். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பெண் விஷயம் சுவரில் ஏறக் கூடாது என்று செல்லையா பூடகமாக எழுதி ஒட்டிவிட்டு, ஒரு வாரம் உப்பளத்திலேயே தங்கி வேலை பார்க்கப் போய்விட்டார்: ‘ஞாயிறு இரண்டாம் சங்குக்கு ஆட்கள் வருகிறார்கள். மாலை வாங்கவும்.’

டாலி படித்தார். சாவு ஆணியில் மாட்டினார். அந்த ஆணிப் பக்கம் நான் போவதே இல்லை.

“செல்லையா வீட்டுல சாவு. சொந்தக்காரங்க வாராங்க” என்று எங்களிடம் சொன்னார். மாலையும் அவரே வாங்கினார். நாலு நாள் தாடியோடு, தோளில் துண்டோடு நானும் போய்த் துக்கத்துக்கு உட்கார்ந்தேன்.

மில்லில் இரண்டாம் சங்கு ஊதியது. இருவர் வந்தார்கள். மாலையைப் பார்த்து நின்றார்கள்.

“யாரு தவறிட்டா?” என்றார் பெரியவர்.

“உங்களுக்கே தெரியாதா? செல்லையா வீட்டுலல்லா” என்றார் டாலி.

“செல்லையா சொல்லித்தான மாப்பிள்ளை பாக்க வந்திருக்கோம்.”

டாலி போய்ச் சீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

“மாலைன்னு போட்டிருக்கு. மில் சங்குக்கு எவன்வே மாலை வாங்குவான்?”

“மாப்பிள்ளை பாக்க வாரவங்களுக்கு வாங்குவான் அண்ணாச்சி” என்றான் சேவியர்.

“மாப்பிள்ளை யாரு?” என்றார் பெரியவர். நான் கையைத் தூக்கினேன்.

பெரியவர் பெண்ணின் தகப்பனார். கூட வந்தவர் தாய்மாமன். “வாங்க போவோம் அத்தான். சகுனமும் சரியில்ல. விசாரிக்க ஒரு சொந்தமும் இல்ல” என்றார்.

நான் எழுந்தேன்.

டாலி மூன்றாம் ரூம் ஆணியில் இருந்த சீட்டுகளை மொத்தமாக உருவினார். நூலில் கோத்துப் பெரியவர் கையில் கொடுத்தார்.

“விசாரிக்கணும்னா படிங்க. மூணாம் ரூம் இவன்தான்.”

பெரியவர் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். ‘அறுந்த வாளிக் கயிற்றை மூணாம் ரூம் மாற்றிவிட்டது.’ ‘காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தந்த மூணாம் ரூமுக்கு, பாத்திரம் கழுவி வைத்திருக்கிறேன்.’ ‘மூணாம் ரூம் குறட்டையால் தூங்க முடியவில்லை.’ கடைசிவரை படித்தார்.

“நாப்பத்தொண்ணு இருக்கு” என்றார்.

“அதுல குறட்டை ஏழு” என்றார் தாய்மாமன்.

“குடின்னு ஒண்ணும் இல்லையே?” என்றார் பெரியவர்.

“குடிக்குத் தனி ஆணி உண்டு” என்றார் டாலி. “அதுல இவன் இல்ல. சேவியர்தான் பதினாலு.”

“என்னை ஏன் அண்ணாச்சி இழுக்கீக?” என்றான் சேவியர்.

பெரியவர் சிரித்துவிட்டார். தாடியைச் சிரைத்துவிட்டு வரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அந்த மாலையையே என் கழுத்தில் போட்டார்.

கல்யாணத்துக்கு டாலி வந்தார். பந்தியில் இலைகளை எண்ணினார். நூலில் கோத்த அந்தச் சீட்டுகளை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தோம். கடைசிச் சீட்டு புதிது. கோடு கோடாக, டாலியின் கையெழுத்து: ‘மூணாம் ரூம் காலி. இப்போதைக்கு அங்கே வேறு ஆள் வேண்டாம்.’

சீட்டுகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு.