தீப்பிடிக்காத தார்ப்பாய்

நெருப்பைப் பற்றி நன்றாகப் படித்தவனைச் சாவு வீட்டில் வேலைக்கு விடக்கூடாது. என் குடும்பம் இதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டது.

செங்கல் என்கிற ஊரில் என் தாய்மாமா இறந்த அன்று விடாத மழை. எங்கள் பக்கம் சிதை வீட்டுத் தோட்டத்திலேயே எரியும். மழையானால் மேலே தகரக்கூரை போடுவார்கள். வாடகைத் தகரமெல்லாம் பாறசாலையில் வேறொரு சாவுக்குப் போய்விட்டது. மாமாவின் மகன் மணியன் ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றான். "இருட்டதுக்கு முன்ன அப்பாவ நல்லபடியா அனுப்பணும் மக்கா. எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

நான் அப்போது பிளாஸ்டிக் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். (வேலை என்றால், நாள் முழுக்க எதையாவது கொளுத்திப் பார்ப்பது.) தீத்தடுப்பு மருந்து கலந்த தார்ப்பாய் ஒன்று என் காரில் கிடந்தது. அதன் ஓரத்தில் தீக்குச்சியை வைத்துக் காட்டினேன். பற்றவில்லை. "பிடிக்காது மணியா. புரோமின் சேத்தது ஆக்கும்" என்றேன், ஏதோ நானே பெற்றெடுத்தது போல.

பிடிக்கவில்லைதான். ஆனால் தீப்பிடிக்காதது வேறு, சூடு தாங்குவது வேறு. அந்த மருந்து பிளாஸ்டிக்கை முந்திக்கொண்டு சிதைந்து, தீயை அமுக்கும் வாயுவை விடும். மனிதத் தொண்டைக்கு அது அமிலம். இதைப் பற்றி அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்.

சிதைக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மணியன் கொள்ளி வைத்தான். சற்று நேரத்தில் தார்ப்பாய் இளகித் தொங்கியது. கரும்புகை தோட்டத்தை மூடியது. அதுவரை அழாத, சொத்துத் தகராறில் இருந்த சொந்தங்களும் கண்ணீர் விட்டார்கள். சடங்கு செய்ய வந்தவர் வாழைகளுக்குள் ஓடினார். பிறகு தார்ப்பாய் கிழிந்து, மேலே தேங்கியிருந்த மழையெல்லாம் மாமாவின் மேல் கொட்டியது.

"எலே, அணைஞ்சு போச்சே" என்றான் மணியன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மாட்டுத்தொழுவத்துத் தகரத்தைப் பிரித்துப் போட்டோம். அவன் மறுபடியும் தீ வைத்தான். ஒரு மகன் தன் அப்பனுக்கு இரண்டு தடவை கொள்ளி வைக்கக்கூடாது. வெட்கத்தில் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்ததும் மாமிதான் கதையைத் தொடங்குவார். "ஆயுசு பூரா இழுப்பு வந்து இருமின மனுசன். அன்னைக்கு ஊரே இருமிச்சு, அவரு ஒருத்தருதான் சுகமா கெடந்தாரு" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். மணியன் மட்டும் பாதிச் சோற்றில் இலையை மடக்குவான்.